டிசம்பரில் ஸ்பெயின்: ஊர்ப் பட்டியல் அப்புறம், முதலில் தேதி

கேள்வி: "நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், 67 வயது மாமியார் என ஐந்து பேரும் அரையாண்டு விடுமுறையில் ஸ்பெயின் போக நினைக்கிறோம். பத்து நாள். பார்சலோனா, மாட்ரிட், செவில், கிரனாடா, முடிந்தால் லிஸ்பனும் பார்க்க ஆசை. எல்லோரும் சைவம், பிள்ளைகள் மட்டும் முட்டை சாப்பிடுவார்கள். அத்தைக்கு மூட்டு வலி உண்டு. குளிர் எப்படி இருக்கும்? எதிலிருந்து ஆரம்பிப்பது?"
- ஒரு வாசகி, கோவை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஊர்ப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு நாட்காட்டியை எடுங்கள். டிசம்பர் 24 மாலை அங்கே கடைகள் சீக்கிரமே மூடிவிடும், பேருந்தும் மெட்ரோவும் குறைந்துவிடும். எல்லோரும் வீட்டில் குடும்பத்தோடு சாப்பிடும் இரவு அது. 25-ம் தேதி ஊரே அடங்கிக் கிடக்கும். மாட்ரிட்டின் ப்ராடோ அருங்காட்சியகம், கிரனாடாவின் அல்ஹாம்ப்ரா கோட்டை அரண்மனை இரண்டுக்கும் டிசம்பர் 25, ஜனவரி 1 விடுமுறை. இது தெரியாமல் 24-ம் தேதி போய் இறங்கினால், பிள்ளைகளோடும் பெரியவரோடும் முதல் இரண்டு நாள் திண்டாட்டம்தான்.

ஸ்பெயினில் குழந்தைகளுக்கான பெரிய நாள் பரம்பரையாகவே ஜனவரி 6. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாள் அது. முந்தின நாள் மாலை ஊருக்கு ஊர் ஊர்வலம் நடக்கும். என்னைக் கேட்டால் டிசம்பர் 28-ல் போய் இறங்கி ஜனவரி 6-ல் கிளம்புங்கள். பள்ளி அதற்குள் திறந்துவிட்டால் ஓரிரு நாள் விடுப்பு கேளுங்கள். உங்கள் மகனின் வயதுக்கு அந்த ஊர்வலம் எந்த அரண்மனையையும் விடப் பெரிது.

இனி ஊர்கள். லிஸ்பனை எடுத்துவிடுங்கள். மாட்ரிட்டிலிருந்து அங்கே நேரடி ரயிலே கிடையாது. பார்சலோனாவையும் இந்த முறை விடுங்கள் என்றால் மகள் வருத்தப்படலாம். ஆனால் பத்து நாளில் நான்கு ஊர் என்றால் பெட்டி கட்டவும் அவிழ்க்கவுமே பொழுது போய்விடும், மூட்டு வலிக்காரருக்கு அதுதான் பெரிய தண்டனை. மாட்ரிட்டில் மூன்று இரவு. 31-ம் தேதி காலை ரயிலில் செவில், அங்கே மூன்று இரவு. பிறகு கிரனாடாவில் மூன்று இரவு. மாட்ரிட்டிலிருந்து செவிலுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம்தான். வழியில் வரும் கோர்தோபா, செவிலிலிருந்து முக்கால் மணி நேரம். 785-ல் கட்டத் தொடங்கிய அதன் பெரிய மசூதியை (இப்போது அது கதீட்ரல்) ஜனவரி 2-ம் தேதி போய்ப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆறாம் தேதி கிரனாடாவிலிருந்து ரயிலில் மாட்ரிட் வந்து, இரவு விமானம் ஏறுங்கள்.

அல்ஹாம்ப்ராவுக்கு ஜனவரி 4 சரியாக இருக்கும். டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே எடுத்துவிட வேண்டும். உள்ளே நஸ்ரிட் அரசர்களின் அரண்மனைகளுக்கென்று ஒரு நேரம் குறித்துத் தருவார்கள், அது தவறினால் அங்கே விடமாட்டார்கள். ஐந்து பேரின் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். சுற்றிப் பார்க்க மூன்று மணி நேரமாவது ஆகும். அத்தையை மேடு ஏறவிடாதீர்கள், ஊருக்குள்ளிருந்து சின்னப் பேருந்து மேலே வரை போகிறது.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். மாட்ரிட்டில் பகலில் பத்து டிகிரி, இரவில் இரண்டு மூன்று. செவிலில் பகலில் பதினாறு பதினேழு வரை வரும், நம் ஊட்டி போல இருக்கும். கிரனாடாவில் பகல் வெயில் இதமாக இருக்கும், இரவு உறைநிலையைத் தொடும். ஆனால் வெளிக் குளிரைவிட வீட்டுக்குள் இருக்கும் குளிருக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். தென் ஸ்பெயினின் பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை. தடித்த சுவர், பளிங்குத் தரை. கிரனாடாவில் நானும் அம்மாவும் வாடகைக்கு எடுத்த வீட்டில் அறைக்கு ஒரு ஹீட்டர்கூட இல்லை. காலையில் தரையில் கால் வைத்த அம்மா, அப்படியே திரும்பக் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வெளியே போய் வெயிலில் நின்ற பிறகுதான் அவருக்கு உடம்பு நேரானது. அதனால் வீடோ ஹோட்டலோ பதிவு செய்யும்போது இரண்டு சொற்களைத் தேடுங்கள். 'கலெஃபாக்ஸியோன்' என்றால் அறையைச் சூடாக்கும் வசதி, 'அசென்ஸோர்' என்றால் லிஃப்ட். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும், இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். வீட்டுக்குள் போட ரப்பர் அடி செருப்பும் கம்பளிக் காலுறையும் எடுத்துப் போங்கள்.

இன்னொன்று, அங்கே டிசம்பர் கடைசியில் பொழுது விடிய எட்டரை மணி ஆகிவிடும். நிலப்படி லண்டன் பக்கம் இருந்துகொண்டு கடிகாரத்தை ஜெர்மனியோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனவே காலை ஆறு மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டாம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நான்கிலிருந்து எட்டு வரை பல இடங்களில் சமையலறையே மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு அந்த இடைவெளியில் சுரோஸ் வாங்கிக் கொடுங்கள். மாவும் தண்ணீரும் உப்பும் கலந்து பிழிந்து எண்ணெயில் பொரிப்பார்கள், கெட்டியான சூடான சாக்லேட்டில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

சைவத்துக்கு வருவோம். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மேலே தூவும் பன்றித் துணுக்கையும், சாலட்டில் போடும் டூனா மீனையும் பலர் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. 'சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ' (இறைச்சி, பன்றித்தொடை, மீன் மூன்றும் வேண்டாம்) என்று ஸ்பானிஷில் எழுதிய சீட்டு ஒன்று கையில் இருக்கட்டும். பருப்புச் சூப் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் சொரீஸோ என்ற பன்றி இறைச்சி சாஸேஜ் கிடக்கும். செவிலில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்து ஒரு பதார்த்தம் செய்வார்கள், அத்தைக்கு நிச்சயம் பிடிக்கும். முட்டை சாப்பிடும் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு தொர்தில்யா (கனமான ஆம்லெட்) எங்கும் கிடைக்கும். பண்டிகைக் காலத்தில் கடைக்குக் கடை அடுக்கியிருக்கும் போல்வரோன், மன்டெகாடோ என்ற இனிப்புகளில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். அது தெரியாமல் சைவக்காரர்கள் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மனம் நொந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விசாவுக்கு இப்போதே ஆவணம் சேர்க்கத் தொடங்குங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். செப்டம்பரில் கொடுத்துவிட்டால் நிம்மதி. கட்டணம் பெரியவர்களுக்கும் மகளுக்கும் 90 யூரோ, மகனுக்கு 45. பன்னிரண்டு வயதுக்குள் இருப்பதால் அவனுக்குக் கைரேகை தேவையில்லை. ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாஸ்போர்ட், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும். அத்தையின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ஜனவரி 5 மாலை, ஊர்வலம் போகும் தெருவில் அத்தை உட்கார ஏதாவது திண்டோ படியோ பார்த்து முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள். வண்டிகளின் மேலிருந்து ராஜாக்கள் கை நிறைய மிட்டாயை அள்ளி வீசுவார்கள். உள்ளூர்க்காரர்கள் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து அதை ஏந்துவார்கள். மகன் கையிலும் ஒரு குடையைக் கொடுத்துவிடுங்கள்.