ஆற்று நடுவே கப்பல் எரிந்தால்

கேள்வி: சுற்றிலும் தண்ணீர் இருந்தும், ஆற்றில் எரியும் கப்பலை அணைக்க ஏன் அவ்வளவு திண்டாடுகிறார்கள்? எண்ணெய் கசிந்தால் குறுக்கே ஒரு தடுப்புப் போட்டால் நிற்காதா?
(கல்லூரி மாணவர், கடலூர்)

பதில்: தம்பி, பல வருஷம் கப்பல் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன் நான். எரிகிற எண்ணெயில் தண்ணீரைப் பீய்ச்சினால், அது அடியில் இறங்கி ஆவியாகி, எரியும் எண்ணெயையே நாலாபுறமும் தூக்கி வீசும். அதற்கு நுரைதான் சரி. எஞ்சின் ரூமில் பிடித்தால் எண்ணெய் வால்வுகளையும் காற்று வரும் வழிகளையும் அடைப்போம். ஆட்களை எண்ணி, ஒருவரும் உள்ளே இல்லை என்று தெரிந்த பிறகே கார்பன் டை ஆக்சைடைத் திறந்துவிடுவோம். அப்புறம் காத்திருக்கவேண்டும், அதுதான் கஷ்டம். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால், சூடு ஆறாத இரும்பில் காற்றுப் பட்டுத் தீ மறுபடி பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்த் தீ இல்லையென்றாலும் தண்ணீரை அளந்துதான் ஊற்றவேண்டும். 1942 பிப்ரவரி 9 அன்று நியூயார்க்கில், ஹட்சன் ஆற்றுத் துறையில் நின்ற 'நார்மண்டி' என்ற பெரிய கப்பலில், இரும்பு வெட்டும் கேஸ் டார்ச்சிலிருந்து தெறித்த பொறி உயிர்காப்பு அங்கிக் குவியலில் பட்டுத் தீப்பிடித்தது. அணைக்க ஊற்றிய தண்ணீர் மேல்தளங்களில் தேங்கி, கப்பல் சாய்ந்து, மறுநாள் விடிவதற்குள் கவிழ்ந்தே விட்டது.

தடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். நேர் குறுக்கே போட்டால் நிற்காது. நீரோட்டம் சுமார் 0.7 நாட் (மணிக்கு சுமார் 1.3 கி.மீ.) வேகத்தைத் தாண்டினாலே, அதாவது ஆமைவேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனாலே, எண்ணெய் மிதக்கும் தடுப்புக்கு அடியில் நழுவிவிடும். அதனால் சாய்வாகக் கட்டி, எண்ணெயை ஓட்டம் மந்தமான கரையோரத்துக்கு ஒதுக்கி, அங்கே உறிஞ்சி எடுக்கவேண்டும். கடல் ஏற்றவற்றம் உள்ள ஆறென்றால் எண்ணெய் மேலேயும் போகும், கீழேயும் போகும், இருபுறமும் கட்டவேண்டும். கப்பல் எரிந்துகொண்டிருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடவேண்டும்.

தீயே இல்லாமல் எண்ணெய் மட்டும் கொட்டினாலும் பாடுதான். 2014 டிசம்பர் 9 அன்று வங்கதேச சுந்தரவனத்தின் சேலா ஆற்றில் அப்படித்தான் நடந்தது. மூடுபனியில் சரக்குக் கப்பல் மோதி, எண்ணெய்க் கப்பலிலிருந்து சுமார் 3.5 லட்சம் லிட்டர் ஃபர்னஸ் ஆயில் (உலைகளில் எரிக்கும் கனமான எண்ணெய்) கொட்டியது. டால்பின்கள் வாழும் ஆறு அது. ஊர்மக்கள் படகில் போய் ஸ்பாஞ்சாலும் சட்டிபானையாலும் வெறுங்கையாலும் அள்ளினார்கள். அள்ளியதை அரசு எண்ணெய் நிறுவனம் லிட்டருக்கு 30 டாக்கா (வங்கதேசப் பணம்) கொடுத்து வாங்கியது. பிழைப்புப் போன மீனவர் அந்தக் காசுக்கு இறங்கியதில் தப்பில்லை. ஆனால் சிறுபிள்ளைகளும் முழங்கை வரை கறுத்துப்போய் நின்றார்கள். அவர்களை அந்த எண்ணெயில் இறங்க விட்டிருக்கவே கூடாது. பெரியவர்களுக்காவது முதல் நாளே கையுறை கொடுத்திருக்கவேண்டும்.