உங்கள் கல்யாணத்தில் நீங்களும் இருங்கள்

கல்யாணங்களை முன்னின்று நடத்திக் கொடுக்கும் வேலையில் 24 வருடமாக இருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு இன்னும் மூன்று மாதத்தில் திருமணம். இடம், உடை, அலங்காரம், அழைப்பிதழ் எல்லாம் முடிவாகிவிட்டன. எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் யார் வீட்டு விசேஷத்துக்கோ போகப் போவது போலத் தோன்றுகிறது. எங்கள் இருவருக்கும் உரிய நாளாக இதை எப்படி மாற்றுவது?

பதில்: உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தங்கை. என் கல்யாணத்தில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. தலையில் குத்திக்கொண்டே இருந்த ஒரு ஊசியும், முகத்தில் அடித்த வீடியோ விளக்கின் சூடும்தான் நினைவிருக்கின்றன. நானும் அவரும் தோளோடு தோள் சேர்த்துக் கூட்டத்தைப் பார்த்து நின்றோம். சொல்லச் சொன்னதைச் சொன்னோம். இரண்டு மாதம் கழித்து ஆல்பம் வந்தபோதுதான், அன்று அவர் கண் கலங்கியிருந்தார் என்பதே எனக்குத் தெரிந்தது. பக்கத்திலேயே நின்றிருந்தும் நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்து வந்தது.

அதனால் முதலில் இதைச் செய். நீயும் அவரும் ஆளுக்கொரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நாளைப் பற்றி எந்த மூன்று விஷயம் மனதில் நிற்க வேண்டும் என்று, பேசிக்கொள்ளாமல் எழுதுங்கள். அப்புறம் தாளை மாற்றிப் படியுங்கள். என்னிடம் வரும் எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வேன். மேடைப் பூவைப் பற்றி எழுதிய தாள் ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. ஒரு பையன், "அவள் சிரிப்பது எனக்குக் கேட்க வேண்டும்" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காக அன்று சடங்கு நேரத்தில் பின்னணி இசையை முழுக்க நிறுத்தினோம். மேடையோரம் இருந்த ஒலிபெருக்கியையும் தள்ளி வைத்தோம். அவள் சிரித்தாள், அவனுக்குக் கேட்டது.

உங்கள் தாளில் என்ன வருகிறதோ, அதை வைத்துக்கொண்டு சடங்கு நடத்தப்போகிறவரிடம் நீங்கள் இருவருமே போய்ப் பேசுங்கள். சட்டமும் உங்கள் சமயமும் கட்டாயம் என்று வைத்திருப்பது எது, பழக்கத்தில் சேர்ந்துகொண்டது எது என்று பணிவாகக் கேட்டால், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக விளக்குவார்கள். கட்டாயமான பகுதியைத் தொடவே வேண்டாம். அதைச் சுற்றியுள்ள இடைவெளிகள் நிறைய; அவை உங்களுடையவை.

பழக்கம் என்று நாம் நினைப்பதில் பல, எப்போதோ யாரோ ஒருவர் ஆசைப்பட்டுச் செய்ததுதான். மணப்பெண் என்றாலே வெள்ளை உடை என்று உலகில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அது பரவியதற்கு ஒரு பெரிய காரணம், 1840இல் விக்டோரியா மகாராணி தன் திருமணத்துக்கு வெள்ளை உடுத்தியதுதான். அதற்கு முன் ஐரோப்பாவில் மணப்பெண்கள் பல நிறங்களிலும் உடுத்தினார்கள். ஒருத்தியின் விருப்பம் இத்தனை பேருக்கு வழக்கமாகியிருக்கும்போது, உன் விருப்பத்துக்கு உன் கல்யாணத்திலேயே இடம் இல்லையா என்ன?

முக்கியமான ஒன்றை விட்டுவிடாதே: எப்படி நிற்கிறீர்கள் என்பது. இருவரும் எதிரெதிரே, கூட்டத்துக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். உறுதி சொல்லும் நேரத்தில் சடங்கு நடத்துகிறவர் ஓரடி ஒதுங்கி நிற்கட்டும். அவர் நடுவில் நின்றால் எல்லாப் படத்திலும் அவர் முகம்தான் உங்கள் இருவருக்கும் இடையில் இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் அந்த இடத்துக்கே போய் ஒரு தடவை நடந்து, நின்று பார்த்துவிடுங்கள். இருபது நிமிட வேலை. மறுநாள் "அடுத்து எங்கே நிற்கணும்?" என்ற பதற்றம் பாதி குறைந்துவிடும். கண் தானாக எதிரே இருப்பவரைத் தேடும்.

கேள்வி: நாங்கள் சொந்தமாக உறுதிமொழி எழுதிச் சொல்லலாம் என்று என் வருங்கால மனைவி ஆசைப்படுகிறாள். எனக்கு நாலு பேர் முன்னால் பேசினாலே வாய் உலர்ந்துவிடும். முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை.

பதில்: தம்பி, மனசு வரவில்லை என்று எழுதினீர்களே, அந்த மனசு இருந்தால் போதும்.

நூறு, நூற்றிருபது சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். நிதானமாகப் படித்தால் ஒன்றரை நிமிடம் வரும். அவ்வளவு நேரம் யாராலும் நிற்க முடியும். நிலா, வானம், ஏழு ஜென்மம் எல்லாம் வேண்டாம். அவரிடம் நீங்கள் கண்ட ஒரு விஷயம், அவரால் உங்களிடம் மாறிய ஒரு விஷயம், இனி செய்யப்போகும் இரண்டு மூன்று காரியம் என்று எழுதுங்கள். கொடுக்கும் வாக்கு, செய்தோமா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "உன்னை என்றும் கண்கலங்க விடமாட்டேன்" என்பதை யாராலும் காப்பாற்ற முடியாது. "சண்டை போட்ட ராத்திரியிலும் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுக்க மாட்டேன்" என்று ஒருவர் சொன்னார். முன்வரிசையில் இருந்த வயதான தம்பதி ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். இருவர் எழுதியதையும் நம்பிக்கையான ஒரு நண்பர் முன்கூட்டியே பார்த்துவிடட்டும். ஒருவர் நாலு வரியும் இன்னொருவர் நாலு பக்கமும் வைத்திருந்தால், சின்னதாக எழுதியவருக்கு அந்த நேரத்தில் மனசு சுருங்கிப்போகும்.

அப்புறம், தயவுசெய்து ஃபோனிலிருந்து படிக்காதீர்கள். போன வருடம் ஒரு மணமகன் இரண்டாவது வரியில் தொண்டை அடைத்து நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்ப்பதற்குள் திரை அணைந்துவிட்டது. ஈரமான கட்டைவிரலை அது ஏற்கவில்லை. கைரேகை, கடவு எண் என்று அவன் தடுமாறிக்கொண்டிருக்க, எதிரே அவள் காத்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து கெட்டி அட்டை என்றால் கெட்டி அட்டைதான். உள்ளங்கை அகலம், பெரிய எழுத்து, வரிக்கு வரி இடைவெளி. மெல்லிய தாள் கை நடுங்கினால் தானும் நடுங்கும். அதைப் பார்த்து நடுக்கம் இன்னும் கூடும். அட்டையில் அது தெரியவே தெரியாது. இன்னொரு பிரதியை நண்பர் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். ஒரு வாய் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மைக்கை நீங்கள் பிடிக்க வேண்டாம், ஒரு ஸ்டாண்டில் மோவாய்க்குக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

குரல் உடைந்தால் நின்றுவிடுங்கள். யாரும் அவசரப்பட மாட்டார்கள். அந்த மௌனத்தில்தான் கூட்டம் உங்களோடு சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் முடியாது என்று தோன்றினால், அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வழிகள் இருக்கின்றன. கேள்வி வடிவில் நடத்துகிறவர் கேட்க, "ஆம்" என்று மட்டும் சொல்லலாம். அல்லது எழுதியதைக் கடிதமாக மாற்றிக்கொண்டு, தனியாக இருக்கும்போது படிக்கலாம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் திருமணத்தில் மரபுப்படி மணமக்கள் உறுதிமொழியே சொல்வதில்லை. அதனால் அவர்கள் மணம் எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

கேள்வி: மகனும் மருமகளாக வரப்போகிறவளும் சடங்குகளைக் குறைக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஆசை என்ன ஆவது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது அம்மா. பிள்ளை பிறந்த நாள் முதல் மனதில் நடத்திப் பார்த்த கல்யாணம் அல்லவா?

குறைக்கச் சொல்கிறவர்களிடம் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பல நேரம் அவர்களுக்கு அந்தச் சடங்கின் மேல் கோபமே இல்லை. ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வதுதான் கசக்கிறது. இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, விடவே முடியாத சடங்கு என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். அதன் அர்த்தத்தையும் சொல்லுங்கள். அன்றைக்கு அந்தச் சடங்குக்கு முன்னால், நடத்துகிறவர் எல்லோருக்கும் புரிகிற மொழியில் இரண்டு வாக்கியம் விளக்கட்டும். அதைவிட, நீங்களே மைக்கில் சொல்லலாம். "இதை என் அம்மா எனக்குச் செய்தாள்" என்று ஒரு தாய் சொன்னதும், அதுவரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் தானாகக் குனிந்து தலையைக் கொடுத்தாள்.

மீதியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் அக்கா தன் வரவேற்பில் நின்று நின்று கால் வீங்கிப்போனாள். சிரித்துச் சிரித்துத் தாடை வலித்ததாம். எனக்கும் அப்படித்தானா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 பேர் வரிசையில் வருகிறார்கள். ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து வந்தால் அதே அரை நிமிடக் கணக்கில் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். வரிசையின் தொடக்கத்தில் பழகின முகம் ஒருவரை நிறுத்தி, குடும்பம் குடும்பமாகச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, நீங்கள் இருவரும் மேடையை விட்டு இறங்கி, அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே போவது. படத்துக்கு நிற்காமல் பேச முடியும். முட்டி வலிக்கிற பாட்டி படியேற வேண்டியதில்லை. பின்னால் இரண்டு நாற்காலி எப்போதும் இருக்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு பல யூதத் திருமணங்களில் இருக்கிறது. சடங்கு முடிந்த கையோடு மணமக்களை ஒரு தனி அறையில் விட்டுவிடுவார்கள். யிஹூத் என்று பெயர். வாசலில் சாட்சிகள் நிற்பார்கள், யாரும் உள்ளே போக முடியாது. இதைப் பார்த்து நானும் என் எல்லாக் கல்யாணங்களிலும் பத்து நிமிடம் ஒதுக்க ஆரம்பித்தேன். கேமரா, அலங்காரம் செய்தவர், தோழிகள் யாரும் வேண்டாம். தண்ணீர், ஒரு வாய் சாப்பாடு, கழற்றிப் போட்ட செருப்பு. கதவுக்கு வெளியே நானே நிற்பேன். உள்ளே பெரும்பாலும் முதலில் அமைதி, அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு. நிகழ்ச்சி நிரலில் இதை நேரம் போட்டு எழுதிவைத்துவிடுங்கள். எழுதாவிட்டால் யாராவது ஒரு பெரியப்பா படம் எடுக்கக் கூப்பிட்டுவிடுவார்.

கேள்வி: எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடிக்கிறார்களே, எப்படித் தடுப்பது?

பதில்: தொடங்கும் முன் ஒரு தடவை அன்பாக அறிவிக்கச் சொல்லுங்கள்: "இந்த இருபது நிமிடம் மணமக்களுக்கு உங்கள் முகம் தெரியட்டும். முடிந்ததும் எல்லோரும் படம் எடுக்கத் தனியாக இரண்டு நிமிடம் தருகிறோம்." சொன்னபடி அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். வேறொன்றும் தேவைப்பட்டதில்லை.

வந்தவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றினால், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் செய்வதைப் பாருங்கள். அவர்கள் மரபில் திருமணத்தை நடத்திவைக்கக் குருவே கிடையாது. அமைதியாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மணமக்கள் தாங்களே எழுந்து உறுதி சொல்வார்கள். வந்திருக்கும் அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். ஒரு பெரிய தாளும் நல்ல பேனாவும் போதும், யாரும் செய்யலாம். கட்டம் போடாதீர்கள், குழந்தைகளின் கோணல் எழுத்துக்கு இடம் வேண்டும்.

கேள்வி: எனக்கு இது இரண்டாவது திருமணம். எட்டு வயதில் மகள் இருக்கிறாள். அவளையும் சடங்கில் சேர்க்க வேண்டும் என்று ஆசை. என்ன செய்யச் சொல்லலாம்?

பதில்: எதையும் செய்யச் சொல்லாதீர்கள் அம்மா, கேளுங்கள். மேடையில் நிறுத்தி "புது அப்பாவை நேசிப்பேன்" என்பது போல எதையும் அவளைச் சொல்லவைக்க வேண்டாம். வாக்குக் கொடுக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அவர் வேண்டுமானால் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கலாம், அதுவும் அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவளாகத் தேர்ந்தெடுத்த ஒரு வேலை இருக்கட்டும். அன்று காலை வேண்டாம் என்று தோன்றினால், யாரும் முகம் சுளிக்காமல் விலகிக்கொள்ளவும் விடுங்கள்.

சில வருடம் முன்பு ஒரு சிறுமியிடம் மோதிரத்தைக் கொண்டு வருகிறாயா, பூத் தூவுகிறாயா என்று கேட்டேன். இரண்டுக்கும் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். வேறு என்ன பிடிக்கும் என்றதற்கு, "மைக் பிடிக்கிறேன்" என்றாள். சரி என்று ஸ்டாண்டை எடுத்துவிட்டோம். அம்மா பேசும்போது அம்மா பக்கம், அவர் பேசும்போது அவர் பக்கம் என்று நுனிக்காலில் நின்று நீட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் கை வலித்திருக்க வேண்டும், இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். நான் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.