யாரும் அழைக்காத செயற்கூற்றை நீக்கிவிடலாமா?

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து எண் கோட்பாட்டுக் கணக்குகளுக்கான திறந்த மூல மென்பொருள் நூலகம் ஒன்றைப் பராமரித்து வருகிறோம். தசம எண் ஒன்றைக் கொடுத்தால் அதன் தொடர் பின்ன உறுப்புகளை, அதாவது அந்த எண்ணை 3 + 1/(7 + 1/(15 + …)) என்பது போன்ற வடிவில் எழுதும்போது வரும் 3, 7, 15 போன்ற முழு எண்களை, தரும் செயற்கூறு (function, பெயர் சொல்லி அழைத்தால் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் நிரல் பகுதி) ஒன்று அதில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளாக அதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அதன் சோதனைகளையும் விளக்கக் குறிப்பையும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. நீக்கிவிடலாம் என்று இருவர் சொல்கிறார்கள். மற்ற இருவரும் தயங்குகிறோம். எப்படி முடிவெடுப்பது?

பதில்: ஒருவரும் கேட்டதில்லை என்பதாலேயே ஒருவரும் பயன்படுத்தவில்லை என்று கொள்ள முடியாது. ஒழுங்காக வேலை செய்யும் செயற்கூற்றைப் பற்றி யாரும் எழுதித் தெரிவிப்பதில்லை. பொதுவில் கிடைக்கும் நிரல்களைத் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஓர் ஆய்வு மாணவர் தம் கணினியில் மட்டும் வைத்திருக்கும் நிரலோ, ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் நிரலோ அந்தத் தேடலில் அகப்படாது. ஆகவே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், அது தரும் விடை சரிதானா என்று பாருங்கள்.

பை (π) என்னும் எண்ணின் மதிப்பை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது கணினி தசம எண்களை வழக்கமாகச் சேமிக்கும் வடிவில், உங்கள் செயற்கூற்றுக்குக் கொடுத்துப் பாருங்கள். 3, 7, 15, 1, 292 என்று தொடங்கி முதல் 13 உறுப்புகள் சரியாக வரும். பதினான்காவது உறுப்பு 2 என்று வர வேண்டும். 3 என்று வரும். அத்தகைய எண்ணில் ஏறத்தாழ 16 இலக்கங்களுக்கே இடம் இருப்பதால், அதற்குப் பின் வருபவை பையின் உறுப்புகளே அல்ல. எண் எந்த இடத்தில் வெட்டுப்பட்டதோ அதன் விளைவுகள். இருபது உறுப்புகள் கேட்டவருக்கு இருபதையும் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உங்கள் செயற்கூறு அடுக்கிக் கொடுக்குமானால், அதைப் பத்தாயிரம் பேர் பயன்படுத்தினாலும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஒரே ஒருவர் பயன்படுத்தினாலும் அந்த ஒருவருக்கு நாம் தவறான விடையைத் தருகிறோம். கணித மென்பொருளில் நின்றுபோகும் நிரலை விட, சத்தமில்லாமல் தவறாக ஓடும் நிரலே ஆபத்தானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விடை சரியாகவே இருந்து, பராமரிப்பு மட்டும் சுமையாக இருக்குமானால் வழி வேறு. பைத்தான் நிரல்மொழிக்கான எண் கணிப்பு நூலகமான நம்பையில் (NumPy) கடன் தவணை, நிகழ்கால மதிப்பு போன்றவற்றைக் கணக்கிடும் 10 நிதிச் செயற்கூறுகள் இருந்தன. பொதுவான எண் கணிப்பு நூலகத்தில் அவற்றுக்கு இடம் வேண்டுமா என்று ஆராய்ந்து, பொது நிரல்களில் அவற்றின் பயன்பாடு குறைவு என்பதையும் பார்த்துவிட்டு, அவற்றைத் தனித் தொகுப்பாகப் பிரித்தார்கள். அவை நீக்கப்படப் போகின்றன என்று 2019 டிசம்பரில் வந்த 1.18 பதிப்பு எச்சரித்தது. 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பில் அவை நீக்கப்பட்டன. நீக்கிய பிறகும் பழைய பெயரில் அழைத்தால், அது நீக்கப்பட்டது என்பதையும் மாற்று எந்தத் தொகுப்பில் கிடைக்கும் என்பதையும் பிழைச் செய்தியே சொல்லியது. அந்த ஒரு வரி எத்தனையோ பேரின் ஒரு பிற்பகலைக் காப்பாற்றியிருக்கும்.

எதைச் செய்தாலும், பழைய பெயரை வைத்துக்கொண்டு அது செய்யும் வேலையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பைத்தான் 2-இல் 7/2 என்று எழுதினால் 3 வந்தது. பைத்தான் 3-இல் அதே வரி 3.5 தருகிறது. புதிய விடையே பொருத்தமானது என்றாலும், பழைய வரி பிழை எதுவும் காட்டாமல் வேறு எண்ணைத் தந்ததால், பலர் தம் நிரல்களை வரி வரியாகத் தேட வேண்டியதாயிற்று.

உங்கள் செயற்கூற்றைப் பொறுத்தவரை, நான் நீக்கச் சொல்லமாட்டேன். நம்பத்தகுந்த உறுப்புகள் முடிந்த இடத்தில் அது நின்றுவிட வேண்டும். அல்லது பின்னமாகவே கொடுக்கப்படும் எண்களை மட்டும் ஏற்க வேண்டும். இரண்டாவது வழி எளிது, சோதனைகளும் குறையும். ஆனால் தசம எண்ணை ஏற்பதை நிறுத்துவதும் ஒரு நீக்கமே என்பதால், முந்தைய பதிப்பிலேயே எச்சரிக்கை வேண்டும். நால்வரில் அந்தப் பகுதியைப் படித்துப் புரிந்துகொள்ள ஒருவர்கூட முன்வரவில்லை என்றால் மட்டும் தனித் தொகுப்பாக்கி, யாரேனும் பொறுப்பேற்கட்டும் என்று வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். புரியாத நிரலுக்குப் பொறுப்பேற்பது உங்களுக்கும் நல்லதன்று, அதை நம்புபவருக்கும் நல்லதன்று.

கேள்வி: நான் மென்பொருள் எழுதுபவன் அல்லன், பயன்படுத்துபவன் மட்டுமே. என் பழைய நிரல் அழைத்த செயற்கூறு புதிய பதிப்பில் இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில், அந்த நிரல் கடைசியாகச் சரியாக ஓடிய பதிப்பைத் தனிச் சூழலில் நிறுவி, பழைய விடையை மீண்டும் பெறுங்கள். பிறகு, மாற்றுச் செயற்கூற்றைக் கொண்டு அதே விடை வருகிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இனி எழுதும் ஒவ்வொரு நிரலோடும் நூலகங்களின் பதிப்பு எண்களைக் குறித்து வையுங்கள். அச்செயற்கூறு உங்களுக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதைப் பராமரிப்பவர்களுக்கு நான்கு வரிகளில் எழுதுங்கள். மேலே கேட்டவரைப் போன்றவர்கள் அந்தச் செய்தி இல்லாமல்தான் தயங்குகிறார்கள்.