அடிதடி முதல் அரிவாள் வரை: ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டரின் கேள்வி பதில்

எஸ்.ஐ.யாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். பாதி சர்வீஸ் தென் மாவட்டங்களில், மீதி சென்னையில். ஒரு மாதமாக வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சட்டப் பிரிவுகளை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய எண்களில் தருகிறேன்: பி.என்.எஸ். என்றால் குற்றம், தண்டனை பற்றிய சட்டம், பி.என்.எஸ்.எஸ். என்றால் வழக்கு நடைமுறைச் சட்டம். ஆனால் என் வாயில் இன்னும் பழைய எண்தான் வருகிறது. எங்காவது கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், வாய்க்கால் தகராறில் பக்கத்து வீட்டுக்காரர் என் கணவரைக் கட்டையால் அடித்துவிட்டார். தலையில் 6 தையல். ஸ்டேஷனில் மனு ரசீது மட்டும் கொடுத்து, "ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கங்க" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள் அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்? நான் பார்த்த அடிதடி வழக்குகளில் பாதி அங்கேயே செத்துப்போயிருக்கும். அவசரப் பிரிவில் டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதுவார்: எத்தனை மணிக்கு, எங்கே வைத்து, எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, எதால் அடித்தார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பி என்போம். பயத்திலோ, ஊர்ப் பெரியவர் பேச்சைக் கேட்டோ, "கால் தவறி விழுந்துட்டேன்" என்று அங்கே சொல்லிவிட்டால், பிறகு எத்தனை சாட்சி கொண்டுவந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். மூன்று பேர் அடித்ததை ஏழு பேர் என்று கூட்டிச் சொல்வதும் அதே அளவு கேடு. கோபத்தில் அண்ணன் தம்பி எல்லாரையும் சேர்த்துவிடுவார்கள். கடைசியில் உண்மையில் அடித்தவனும் அந்தக் கூட்டத்தோடு விடுதலையாகிப் போவான்.

இப்போது எஃப்.ஐ.ஆர். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிய வேண்டும், மறுக்க முடியாது. 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கட்டையால் அடித்துக் காயம் என்றால் பெரும்பாலும் பி.என்.எஸ். 118(1)இல் வரும், எலும்பு முறிந்திருந்தால் கொடுங்காயம். புதிய நடைமுறைச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது: 3 வருடம் முதல் 7 வருடத்துக்குக் கீழ் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம். உங்கள் ஸ்டேஷன் அதைச் சொன்னால், அனுமதி வாங்கிய தேதியைக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எஸ்.பி.க்குப் புகாரைத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையோடு அனுப்பி, அந்த அட்டையைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

மனு ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேஸ் போட்டாகிவிட்டது என்று ஆறு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம், ரைட்டருக்கு டீ வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: நாங்கள் கேஸ் கொடுத்த மறுநாளே அவர்களும் எங்கள் மேல் கேஸ் கொடுத்துவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமோ இல்லையோ, நடைமுறை. கவுண்டர் கேஸ் இல்லாத அடிதடியை என் சர்வீசில் விரல் விட்டு எண்ணலாம். இரண்டு வழக்கையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று முடிவெடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு போலீஸ் நிலையாணையிலேயே இருக்கிறது. முன்பு 588ஏ, இப்போது 566. பல இடங்களில் என்ன நடக்கிறது? இரண்டு பக்கமும் குற்றப்பத்திரிகை போட்டுவிட்டு, "கோர்ட்டில் பார்த்துக்கோங்க" என்று கை கழுவிவிடுகிறார்கள். நானும் வேலைப் பளுவில் அப்படிச் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. உங்கள் வக்கீலிடம் இந்த நிலையாணையைச் சொல்லுங்கள்.

கேள்வி: 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், ஆட்கள் இருக்கும்போதே ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். யாரும் தடுக்கவில்லையே என்று நாடே திட்டியது. நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும், அண்ணே?

பதில்: தம்பி, அன்று நின்றிருந்தவர்களைத் திட்டுவது சுலபம். அரிவாள் வீச்சு நடப்பது சில நொடிகள். என்ன நடக்கிறது என்று மனசு புரிந்துகொள்வதற்குள் முடிந்துவிடும். வெறுங்கையோடு குறுக்கே போ என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் சத்தம் போடலாம். பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் வெட்டுகிறவன் பெரும்பாலும் ஓடிவிடுவான். வெட்ட வருகிறவன் தப்பிக்கும் வழியையும் யோசித்துக்கொண்டுதான் வருகிறான். 112க்கோ 100க்கோ அடியுங்கள், 108க்குத் தனியாக அடியுங்கள். ஆளைவிட வண்டியைப் பாருங்கள்: நம்பரில் கடைசி நான்கு எண், வண்டியின் நிறம், எந்தப் பக்கம் போனான். முகம் ஞாபகம் இருக்கும் என்று நினைப்போம், ஒரு மணி நேரத்தில் மீசை இருந்ததா என்பதே மறந்துபோகும். அப்புறம் ரத்தம். துண்டோ துப்பட்டாவோ எடுத்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள், தூக்கித் தூக்கிப் பார்க்காதீர்கள். வீடியோ எடுத்திருந்தால் விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

சட்டம் தற்காப்பு உரிமையை உங்கள் உடம்புக்கு மட்டும் தரவில்லை, அடுத்தவர் உடம்பைக் காப்பதற்கும் தருகிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராத்திரி வீட்டுக்குள் திருடன் வந்தால் வெட்டலாமா?

பதில்: இதைக் கேட்காத ஆளே இல்லை. பி.என்.எஸ். 34 முதல் 44 வரை படியுங்கள். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான பயம் இருந்தால், தற்காப்பில் எதிராளி உயிர் போனாலும் குற்றமில்லை. இரவில் வீட்டை உடைத்து நுழைபவன் விஷயத்திலும் சட்டம் வீட்டுக்காரர் பக்கம் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூடாது. அவன் சுவர் ஏறி ஓடும்போது பின்னாலேயே போய் முதுகில் வெட்டினால் அது தற்காப்பு இல்லை. போஸ்ட்மார்ட்டத்தில் காயம் முன்பக்கமா பின்பக்கமா என்று டாக்டர் எழுதிவிடுவார்.

கேள்வி: செயின் பறித்தவனை எங்கள் தெரு இளைஞர்கள் பிடித்துக் கரண்ட் கம்பத்தில் கட்டினார்கள். போலீஸ் எங்களையே திட்டியது. ஏன்?

பதில்: பிடித்ததற்குத் திட்டியிருக்க மாட்டார்கள், கட்டி வைத்து அடித்ததற்குத் திட்டியிருப்பார்கள். கண்ணெதிரே கடுமையான குற்றம் செய்பவனைப் பொதுமக்கள் பிடிக்கலாம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 40. பிடித்தவுடன், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குள் அவன் செத்துப்போனால் செயின் கேஸ் போய் உங்கள் பையன்கள் மேல் கொலை கேஸ் வரும்.

கேள்வி: ரவுடிகளைச் சுட்டுத் தள்ளினால்தான் பயம் வரும். கை காலில் மாவுக்கட்டோடு போட்டோ வந்தால் எங்களுக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது. உங்கள் கருத்து?

பதில்: வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. நிறையப் பேர் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் மனித உரிமை பேசுவார்கள்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்ற வரியைக் கேட்டு ஊரே சிரிக்கிறது. கோர்ட்டில் அது சிரிப்பு இல்லை. கைது செய்தவுடன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். அங்கே காயம் இல்லை என்று சான்றிதழ், இரண்டு நாள் கழித்து மாவுக்கட்டு என்றால், வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்பார்: "இடையில் யார் வசம் இருந்தார்?" அதோடு ஒப்புதல் வாக்குமூலம், அதை வைத்து எடுத்த கத்தி, எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் எப்படியும் சாட்சியம் ஆகாது. அதன் மூலம் கண்டெடுத்த பொருள் மட்டும்தான் நிற்கும். அடித்து அந்த ஒன்றையும் கெடுத்துக்கொள்வது எங்கள் தொழிலிலேயே பெரிய முட்டாள்தனம். கை உடைந்தவன் மூன்று மாதத்தில் ஜாமீனில் வருவான். ஏரியாவில் அந்தக் கட்டு அவனுக்கு மெடல் மாதிரி.

என்கவுன்டருக்கு வருகிறேன். 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். டிசம்பர் 6ஆம் தேதி அதிகாலையில் நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. போலீசார் மேல் மக்கள் பூத் தூவினார்கள், டி.வி.யில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வந்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்றது. நான்கு பேரில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றது. பூ தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்திருப்பார்கள்?

போலீஸ்காரன் மேல் அரிவாள் வந்தால் சுடத்தான் வேண்டும். என் சக அதிகாரி ஒருவர் கழுத்தில் வெட்டு வாங்கி நான்கு மாதம் படுத்திருந்தார், எனக்கு அந்த வலி தெரியும். அப்படிச் சுட்டிருந்தால் விசாரணைக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2014இல் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் கொடுத்தது: எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், சுட்ட ஸ்டேஷன் அல்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், உடனே பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது. அந்தக் கடைசி நெறிமுறை ஏன் வந்தது என்பதை நீங்களே யோசியுங்கள்.

அடிக்கலாம் என்று பழகிய கை ரவுடியோடு நிற்பதில்லை. சாத்தான்குளம், 2020 ஜூன். ஊரடங்கு நேரம் தாண்டி செல்போன் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் போலீசார் கூட்டிப்போனார்கள். இருவரும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். அவர்கள் ரவுடிகளா?

கேள்வி: போலீசுக்கு உதவும் பொதுமக்கள் குழுவான ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் திரும்ப வர வேண்டுமா?

பதில்: 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் ஆரம்பித்தபோது நல்ல யோசனை. சாதிக் கலவரப் பகுதியில் தெருவுக்குத் தெரு தகவல் சொல்ல ஆள் கிடைத்தது. போகப் போக சில ஊர்களில் லத்தியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு தடை வந்தது. தகவல் சொல்ல ஆள் வேண்டும், அரைப் போலீஸ் வேண்டாம். இன்று எனக்கு வேண்டியது, ஒரே பகுதியைத் தினமும் சுற்றிவரும் பழைய பீட் போலீஸ். தெருவில் புதிதாக யார் குடிவந்தார் என்பது அந்த ஏட்டுக்குத் தெரியும்.

கேள்வி: கொலை வழக்கில் நான் சாட்சி. எதிரிகள் வீட்டு வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு போகிறார்கள். சொன்னதை மாற்றிச் சொல்லி பிறழ் சாட்சி ஆகிவிடலாமா என்று இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்டத்தில் அதற்கான அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். போலீஸ் மிரட்டலின் அளவை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குப் போலீஸ் ரோந்து, கேமரா, கோர்ட்டில் எதிரி முகம் பார்க்காமல் சாட்சி சொல்வது எல்லாம் அதில் உண்டு. பைக் வந்த தேதி, நேரம், நம்பரை இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மாஜிஸ்திரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183இன்படி வாக்குமூலம் கொடுக்க முடியுமா என்று விசாரணை அதிகாரியைக் கேளுங்கள். சாட்சியை மிரட்டுவது தனிக் குற்றம், அதற்காக ஜாமீனையே ரத்து செய்யக் கேட்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. நண்பன் பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியில் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டிருக்கிறார்கள், அதில் இவனும் நிற்கிறான். போலீஸ் தேடுகிறதாம். நான் தனியாக வளர்த்த பையன் சார்.

பதில்: ஒளித்து வைக்காதீர்கள் அம்மா. நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள். 18 நிரம்பவில்லை என்று அந்தக் காகிதம் சொல்லும். அப்படிப்பட்ட பையனை லாக்கப்பில் வைக்க முடியாது, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். பெரியவர்களாக இருந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு, அப்புறம் நன்னடத்தைப் பிணை, மீறினால் சிறை, அடுத்து ரவுடிப் பட்டியலில் பேர், குண்டர் சட்டம் என்று வரிசையாகப் போகும்.

அந்தக் கத்தி யாருடையது என்று கண்டுபிடியுங்கள். இந்தப் பையன்களில் யாரிடமும் கத்தி வாங்கக் காசு இருந்திருக்காது. ஏரியாவில் ஒரு "அண்ணன்" கொடுத்திருப்பார். இன்று கேக், ஆறு மாதம் கழித்து ஒரு வேலை சொல்வார். மாட்டினாலும் சின்னப் பையன்தானே என்று கணக்குப் போட்டுத்தான் 17 வயதுக்காரனைப் பிடிக்கிறார். ஆனால் 16 தாண்டியவன் கொலை மாதிரி கொடூரக் குற்றம் செய்தால், பெரியவனைப்போல விசாரிக்கவும் சட்டத்தில் இடமுண்டு என்பதை அவர் உங்கள் மகனுக்குச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் சொல்லுங்கள். ஸ்டேஷனுக்குப் போகும்போது கவுன்சிலரைக் கூட்டிப்போக வேண்டாம், ஒரு வக்கீல் போதும்.