நின்று நின்று நடப்பவர்கள்

வணக்கம்.

என் அப்பாவுக்கு 68 வயது. ஐந்து வருடமாக சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இரண்டு இன்ஹேலர்கள், ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார். “தினமும் நடக்கணும்” என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். அப்பாவும் அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். மாலையில் நான் வலுக்கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போனால் பத்து வீடு தாண்டுவதற்குள் “போதும்மா” என்கிறார். அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று வீட்டில் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. தண்ணீர்கூட நாங்கள்தான் கையில் கொடுக்கிறோம். இருந்தும் நடப்பதற்குச் சோம்பேறித்தனம். காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக்கொடுத்தால் ஆர்வம் வருமா? ஊக்கமூட்டும் உரைகள், மூச்சுப்பயிற்சிக் காணொளிகள் எல்லாம் அனுப்புகிறேன், பார்ப்பதே இல்லை. அவருக்குள் எப்படித்தான் ஊக்கத்தை வரவழைப்பது?

கே.

*

அன்புள்ள கே.,

கைக்கடிகாரம் வாங்குவது உங்கள் விருப்பம். எண்ணைப் பார்த்து உற்சாகமாகிறவர்களும் உண்டு, சுருங்கிப்போகிறவர்களும் உண்டு. காணொளிகள் அனுப்புவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். மூச்சுக்குத் தவிக்கிற மனிதருக்கு, தாராளமாக மூச்சு விடுகிற ஒருவர் மனஉறுதியைப் பற்றி முழங்கும் உரையை அனுப்புவது கொடுமை.

சோம்பேறித்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோபமாகவே சொல்கிறேன், அவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று இந்த ஐந்து வருடத்தில் ஒருமுறையாவது யாரிடமாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டீர்கள்.

இந்த நோயில் பெரிய சங்கடம் மூச்சை வெளியே விடுவதில் இருக்கிறது. மூச்சுக்குழாய்கள் குறுகியிருப்பதால் உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வர நேரம் பிடிக்கும். உட்கார்ந்திருக்கும்போது அந்த நேரம் ஓரளவு கிடைத்துவிடுகிறது. நடக்கத் தொடங்கியதும் மூச்சு வேகமாகிறது. பழைய காற்று போகும் முன்பே புதிய காற்று வந்து சேர்கிறது, இறங்குகிறவர்கள் இறங்கும் முன் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கும் பேருந்து மாதிரி. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு காற்றால் உப்பி, அதற்குமேல் இழுக்க இடமே இல்லாமல் போகிறது. பத்து வீடு தாண்டும் முன் “போதும்மா” என்றாரே, அது இதுதான்.

ஒருமுறை இதில் மாட்டிக்கொண்ட உடம்பு லேசில் மறக்காது. மறுநாள் செருப்பைப் பார்த்தாலே பயம் வரும். பயந்து உட்கார்ந்தால் தொடைத்தசை இளைக்கும். இளைத்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சு வாங்க வேண்டியிருக்கும். போன வருடம் இருபது வீடு நடந்தவர் இந்த வருடம் பத்தில் நிற்பதற்கு நோய் முற்றியதுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதிக் காரணம் நாற்காலி. நுரையீரலில் நடந்துவிட்ட சேதத்தை நடை சரிசெய்யாது, ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் எண்கள் பெரிதாக மாறிவிடப்போவதில்லை. ஆனால் கால் தேறும். 68 வயதிலும் தேறும். கால் தேறினால் அதே நுரையீரலோடு கூடுதல் தூரம் போகலாம்.

என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான். புகைத்தது பாதி, வேலை பார்த்த இடத்துத் தூசி பாதி. அவரோடு தெருவில் போனால், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று பெயர்ப்பலகையை வாசிப்பார். கொஞ்ச தூரம் போய், சுவரில் கிழிந்து தொங்கும் சுவரொட்டியை ஓர் எழுத்து விடாமல் படிப்பார். அப்புறம் செருப்பு வாரைப் பார்க்கிற சாக்கில் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொள்வார். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முதுகு ஏறி இறங்கும், உதடு விசிலடிக்கப்போவதுபோலக் குவிந்திருக்கும். கையை ஊன்றி முன்னால் சாய்ந்தால் மூச்சுக்குத் துணைபோகும் தோள், கழுத்துத் தசைகளுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. உதட்டைக் குவித்து மெதுவாக விட்டால் குழாய்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் காற்று கூடுதலாக வெளியேறுகிறது. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுக்கும் இந்த இரண்டையும் அவர் உடம்பே கண்டுபிடித்து வைத்திருந்தது. அதை ஒளிந்து ஒளிந்து செய்தார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. நடுத்தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம். “என்ன ஆச்சு, உட்காருங்க, வண்டி கூப்பிடட்டுமா” என்று யாராவது ஓடிவந்துவிட்டால் அன்று முழுக்க ஒருவரோடும் பேசமாட்டார். ஒரு கட்டத்தில் சாக்குகள் தீர்ந்துபோய் நடையையே விட்டுவிட்டார். வீட்டில் அதற்கு நீங்கள் வைத்த பெயரைத்தான் வைத்தார்கள்.

அவரைத் திரும்பத் தெருவில் இறக்கியவன் பேரன். பள்ளி வண்டி அவனைத் தெருமுனையில் இறக்கிவிடும், கூட்டிவர வேறு ஆள் இல்லாமல் போனது. ஐந்து வயதுப் பையன் நேராக நடந்துவருவானா? எறும்பு வரிசையைக் கண்டால் குந்தி உட்காருவான். கல் பொறுக்குவான். மதில்மேல் நிற்கும் பூனை குதிக்கும்வரை நகரமாட்டான். பக்கத்தில் தாத்தா நின்றுகொண்டிருப்பார், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மூச்சு சமனப்பட்டதும் “வாடா போகலாம்” என்பவர் அவராகத்தான் இருக்கும். கொஞ்ச நாளில் அவனைக் கூட்டிவர அரைமணி முன்னதாகவே கிளம்பிவிடுவார்.

ஸ்பெயினில் பார்சிலோனா பகுதியில் சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. நாயை நடத்திக் கூட்டிப்போகிறவர்களும் பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மற்றவர்களைவிட அதிகம் நடமாடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. கடமை இருக்கிறது, அதனால் நடக்கிறார்கள் என்று இதை விளக்கலாம், சரிதான். என் மனதில் ஓடுவது இன்னொன்று. நாயும் குழந்தையும் நாலடிக்கு ஒருமுறை நிற்கிற ஜீவன்கள். அவற்றோடு போகிறவருக்கு நிற்பது அவமானமாக இருப்பதில்லை.

கே., உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான், திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்பாவை நிற்க விடுங்கள். நின்றால் தோற்றுவிட்டோம் என்று அவர் நினைக்கிறார், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். நுரையீரல் நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள். 30 மீட்டர் தாழ்வாரத்தில் போய்த் திரும்பிப் போய்த் திரும்ப வேண்டும். தொடங்கும் முன்பே சொல்லிவிடுவார்கள்: மெதுவாகப் போகலாம், நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், நடக்க முடிகிறபோது மறுபடி நடங்கள். நிற்பது அங்கே விதிக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சியிலும் அப்படித்தான். நடுநடுவே ஓய்வெடுத்துச் செய்கிற பயிற்சி, விடாமல் செய்கிற பயிற்சிக்குக் குறைவில்லாத பலன் தருகிறது, மூச்சுத் திணறலும் குறைவு. இரண்டு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நிற்பவர் ஏமாற்றவில்லை, முறையாகப் பயிற்சி செய்கிறார்.

அந்தப் பரிசோதனையில் இன்னொரு விதியும் உண்டு. நடத்துகிறவர் நோயாளிக்கு இணையாக நடக்கக் கூடாது. நடந்தால் வேகம் அவருடையதாகிவிடும். நீங்கள் அப்பாவைக் “கூட்டிக்கொண்டு” போகிறபோது யார் வேகத்தில் போகிறீர்கள்? உங்கள் கையில் போன், அவர் நின்றதும் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வை. அந்தப் பார்வையை உங்களால் மாற்ற முடியாவிட்டால் அவரைத் தனியாக விடுங்கள், அல்லது பின்னால் வாருங்கள். எங்கெங்கே நிற்கலாம் என்று அவரே முன்கூட்டி முடிவு செய்யட்டும். இரண்டாவது மின்கம்பம், ஒரு திண்ணை, ஒரு மரத்தடி, எதுவானாலும் சரி. மூச்சு முட்டும் முன்பே அங்கே நிற்கட்டும். முட்டிய பிறகு நிற்பதுதான் பயத்தைக் கற்றுத்தருகிறது.

ஊக்கம் முதலில் வந்து அப்புறம் கால் எழும் என்று நம்புகிறீர்கள். நான் பார்த்தவரை பயப்படாமல் முடித்த ஒரு சின்ன நடைக்குப் பின்னால்தான் ஊக்கம் வருகிறது. மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை மதிப்பிட குன்னார் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் தந்த அளவுகோல் ஒன்று உண்டு. பயிற்சியின்போது 4 முதல் 6 வரை போகலாம் என்கிறார்கள். அதாவது ஓரளவு மூச்சு வாங்கத்தான் வேண்டும், அதனால் கேடில்லை. இதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா? “மூச்சு வாங்கினால் ஆபத்து” என்று நினைத்துக்கொண்டிருப்பவரிடம் “நட” என்றால், ஆபத்தை நோக்கிப் போ என்றுதான் அவர் காதில் விழும்.

அப்புறம் அந்தத் தண்ணீர் டம்ளர். தயவுசெய்து அதைக் கையில் கொடுக்காதீர்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து அடுக்களைக்குப் போய்வருவது அவர் தொடைக்குக் கிடைக்கும் பயிற்சி, அதையும் பிடுங்கிக்கொண்டு மாலையில் தெருவுக்கு வரச் சொன்னால் எந்தக் காலோடு வருவார்? துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கதவைத் திறந்து ஆளை விசாரிப்பது என்று அவர் செய்தால்தான் நடக்கும் என்கிற வேலை ஏதாவது அவரிடம் இருக்கட்டும். மெதுவாகச் செய்வார். பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து செய்ய முடிந்ததை உட்கார்ந்து செய்யட்டும்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான திணறல் வந்தால் அன்று நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். சளி பிடித்து நோய் கிளம்பிய நாட்களுக்குப் பிறகு பழைய தூரத்தை எதிர்பார்க்காதீர்கள், பாதியிலிருந்து தொடங்கட்டும்.

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு ஓய்வுதான் மருந்து என்றார்கள். 1960களில் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் பெட்டி போன்ற மருத்துவர்கள் நோயாளிகளை எழுப்பி முறையாக நடக்கவைத்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: வாரம் இரண்டு மூன்று நாள், குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், கண்காணிப்போடு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இதனால் பலன் உண்டா என்று கேட்டு இனி ஆய்வு செய்ய வேண்டியதே இல்லை என்கிற அளவுக்கு முடிவு தெளிவாக இருந்தது. அப்படியிருந்தும் ஐந்து வருடமாக உங்கள் அப்பாவுக்குக் கிடைத்தது “தினமும் நடக்கணும்” என்ற இரண்டு சொல்.

அடுத்த முறை அந்த வாக்கியத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்கு எங்கே போகலாம், நடக்கும் முன் இன்ஹேலர் எடுக்கலாமா, ஆக்சிமீட்டரில் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும், எத்தனை நிமிடம் நடந்து எத்தனை நிமிடம் நிற்பது என்று கேளுங்கள். கேள்விகளை ஒரு தாளில் எழுதி அப்பாவின் கையில் கொடுங்கள். அவரே கேட்கட்டும். கேட்டு முடிக்க நேரமாகும், நடுவில் மூச்சு வாங்குவார். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்.

அன்புடன்.