முந்நூறு சிடியும் ஒரே தடவையில் முடிய...

கேள்வி: என்னிடம் 300 சிடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் கர்னாடகக் கச்சேரிகள், மிச்சம் சினிமாப் பாட்டு. டிஸ்கில் தெரிந்த ஃபைல்களை அப்படியே ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்தேன். எதுவும் பாடவில்லை. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். போதுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் காப்பி செய்தவை சிடிஏ ஃபைல்கள். ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு டிஸ்கில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நேரம் என்ற குறிப்புதான் அதில் இருக்கும். இசை வேண்டுமானால் 'ரிப்' செய்தாக வேண்டும், அதாவது டிஸ்கில் உள்ள ஒலியைப் படித்து ஃபைலாக எடுக்க வேண்டும். (நூறு பாட்டு அடங்கிய எம்பி3 டிஸ்க் வேறு ரகம். அதை அப்படியே காப்பி செய்யலாம்.)

320 எம்பி3-யை சிடியிலிருந்து காதால் பிரித்தறிவது மிகக் கஷ்டம், உண்மைதான். ஆனாலும் ஃப்ளாக்கில் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபார்மட்) எடுங்கள். நாளை எந்த ஃபார்மட் தேவைப்பட்டாலும் அதிலிருந்தே மாற்றிக்கொள்ளலாம், மறுபடி டிஸ்கைத் தேட வேண்டாம். இன்னொன்று: ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக் என்று வெட்டியிருப்பார்கள். எம்பி3 ஒவ்வொரு டிராக்கின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்க்கும். அதைக் கழிக்கத் தெரியாத பிளேயரில் தம்புரா சட்டென்று அறுந்து மறுபடி தொடங்கும். கச்சேரி கேட்பவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

சுருக்காத வேவ் ஃபைலிலும் இதே ஒலிதான். ஆனால் 70 நிமிட சிடிக்கு 740 எம்பி பிடிக்கும், ராகம், பாடகர் விவரங்களும் அதில் சரியாக நிற்காது. ஃப்ளாக்கில் சுமார் 400 எம்பி, ஆக மொத்தம் 120 ஜிபி.

ரிப் செய்யும் மென்பொருள்: விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, இரண்டும் இலவசம். 'செக்யூர்' முறையில் (சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்) வைத்து, ஆக்யூரேட்ரிப்பை இயக்குங்கள். அதே டிஸ்கை மற்றவர்கள் ரிப் செய்த கணக்கோடு உங்களுடையதை அது ஒப்பிடும். பொருந்தினால் கவலையில்லை. குறைவாக விற்ற கர்னாடக டிஸ்குகள் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். அப்போது டிராக்கை இரண்டு முறை படிக்கும் 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுத்து, இரண்டு முறையும் கிடைக்கும் சிஆர்சி (சரிபார்ப்பு) எண்கள் ஒன்றா என்று பாருங்கள். ஒரே டிரைவ் ஒரே தப்பைத் திரும்பச் செய்யவும் கூடும். அரிய டிஸ்குகளை வேறொரு டிரைவிலும் சோதித்துவிடுங்கள்.

படிக்கத் திணறும் டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் டிராக்கின் போக்கிலேயே ஓடுவதால், பிழை திருத்தும் ஏற்பாட்டால் சமாளிக்க முடியாது. லேபிள் பக்கக் கீறல் இன்னும் மோசம்: இசையைத் தாங்கும் அலுமினியப் படலம் லேபிளுக்கு அடியிலேயே இருக்கிறது. வீட்டில் எழுதிய சிடி-ஆர் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள், அதன் சாயம் மங்கிவிடும்.

கேள்வி: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. சிடியில் இருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும். சிடி தரத்திலேயே கேட்க, விண்டோஸில் ஃபூபார்2000 பிளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அவுட்புட்டைத் (விண்டோஸ் மிக்சரைத் தாண்டி ஒலியை நேராக அனுப்பும் வழி) தேர்ந்தெடுங்கள். மிக்சர் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றாமல் 44.1 அப்படியே டிஏசிக்குப் (டிஜிட்டல் எண்களை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) போகும்.