போதை மீட்பு நீதிமன்றமும் கேஸ் மேனேஜரும்

கேள்வி: போதைப்பழக்கத்தால் வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பும் அமெரிக்க நீதிமன்றங்களில் கேஸ் மேனேஜர் என்று ஒருவர் இருக்கிறாராமே, அவருடைய பணி என்ன?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1989ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் மயாமியில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், பெரும்பாலும் ஓராண்டுக்குக் குறையாமல் நீளும் சிகிச்சைக் காலம் முழுவதும், நீதிபதிக்கும் சிகிச்சை மையத்துக்கும் வழக்கில் உள்ளவருக்கும் இடையே நிற்பவர் அவர். காலையில் எழுந்ததும் குறிப்பிட்ட எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்று சிறுநீர்ப் பரிசோதனைக்குத் தம் முறை வந்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டிய ஒருவரிடம் பேருந்துக் கட்டணம் இல்லாமலோ, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமலோ போனால், பரிசோதனை தவறிவிடும். அது விதிமீறலாகவே கருதப்படக்கூடும். அந்த இடைஞ்சலை முன்கூட்டியே கண்டறிந்து நீக்குவதையே அவருடைய பணியின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன். தங்குமிடம், தொலைந்த அடையாள அட்டை, வேலை ஆகியவற்றுக்கும் அவரே வழி தேடித் தருகிறார்.

சிகிச்சை விவரங்களை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க, உரியவரின் எழுத்துமூல ஒப்புதல் பொதுவாகத் தேவை என்கிறது அந்நாட்டுக் கூட்டாட்சி விதி. ஆலோசகரிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் நீதிபதியின் மேசைக்குப் போய்விடும் என்ற அச்சம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்பதால், வருகை, முன்னேற்றம் போன்ற தேவையானவற்றை மட்டும் அறிக்கையில் எழுதுவதே முறை.